ஐந்து இடத்தில் சுருக்கொப்பம்

பதிவுத் தபால் வந்தபோது வெனிலா நாற்பத்து மூன்றாம் லாட்டில் இருந்தாள்.

திண்டிவனத்தில், சுற்றுப்பட்டு விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து ஏலம் விடுகிற விற்பனைக்கூடம் அது. ஆகஸ்டு மாதம், மல்லாட்டை வரத்து; நிலக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். பெரிய கொட்டகையின் நடுவில் தராசு. தராசுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, மேசைமேல் எடைப் பதிவேடு, அதன் முன்னால் வெனிலா. ஒருவர் கொண்டுவந்த மூட்டைகள் சேர்ந்தால் ஒரு லாட்டு. மூட்டை தராசில் ஏறும். சுமை தூக்குகிற இனியவன் திரையைப் பார்த்துக் கிலோவையும் கிராமையும் கூவுவான். அவள் எழுதுவாள். ஒரு நாளைக்கு நானூறு மூட்டை, வரத்து மிகுந்த நாளில் எண்ணூறு. பதினான்கு ஆண்டுகளாக இதுதான் வேலை.

"நாப்பது நூறு!"

எழுதினாள்.

"முப்பத்தொம்போது எண்ணூறு! யக்கா, போஸ்ட்மேன் நிக்கிறாரு பாரு."

கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைக் கிழித்தாள். உள்ளே ஒரே தாள். மே மாதம் நடந்த பி.ஏ. பொருளியல் மூன்றாம் ஆண்டுத் தேர்வில், புள்ளியியல் விடைத்தாளின் உள்ளே ஐந்து இடங்களில் அவள் தன் அடையாளம் தெரியும்படி கையொப்பம் இட்டிருப்பது திருத்தும்போது கண்டறியப்பட்டிருக்கிறது. தேர்வு விதிகளின்படி இது முறைகேடு. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு விழுப்புரத்தில் உள்ள மண்டல மையத்தில் விசாரணைக்கு வர வேண்டும்.

இரண்டு முறை படித்தாள். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, ஈரம் பார்க்கிற கருவிக்கு அடியில் தாளைச் செருகினாள்.

"சொல்லு இனியவா."

"நாப்பது முந்நூறு!"

அதற்குப் பிறகு நூற்றுப் பன்னிரண்டு மூட்டை எழுதினாள். ஒன்றில்கூட அடித்தல் இல்லை.

அந்த வாரம்தான் தேர்வு முடிவு இணையத்தில் வந்திருந்தது. மற்றத் தாள்கள் எல்லாவற்றிலும் தேர்ச்சி. புள்ளியியலுக்கு நேரே மட்டும் மதிப்பெண் இல்லை, 'நிறுத்திவைப்பு' என்று இருந்தது. ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு, இரண்டு நாளில் சரியாகும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தாள் நின்றால் பட்டம் நிற்கும். பட்டம் நின்றால் பதவி நிற்கும்.

பதவி என்பது மேற்பார்வையாளர் பதவி. இருக்கிறவர் அக்டோபர் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்று பட்டியலைப் பார்த்தால், பணிமூப்பில் முதல் பெயர் வெனிலா. ஆனால் பட்டம் வேண்டும். செப்டம்பர் முப்பதுக்குள் அந்தப் பட்டம் அவளுடைய பணிப்பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் இரண்டாவது பெயர். இரண்டாவது பெயர் பிரவீன்குமார். வேலையில் இருந்த அப்பா இறந்துபோனதால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவன், இருபத்தாறு வயது, வந்து மூன்று ஆண்டு. வரும்போதே பி.சி.ஏ. முடித்திருந்தான்.

மேற்பார்வையாளருக்கும் எடை எழுதுகிறவளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், அந்தக் கொட்டகையில் யாரும் சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள். கையெழுத்தைச் சொல்வார்கள். நாள் முழுக்க எண் எழுதுவது வெனிலா. மாலையில் பக்கத்தின் அடியில் முழுப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவது மேற்பார்வையாளர். அவர் போட்ட பிறகுதான் அவள் எழுதியதெல்லாம் எடை. பதினான்கு ஆண்டில் அந்தப் பதிவேட்டில் அவளுடைய முழுக் கையெழுத்து ஒரு நாளும் விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் 'செ.வெ.' என்கிற சுருக்கொப்பம். செபஸ்தியான் மகள் வெனிலா.

அந்தச் சுருக்கொப்பத்துக்கு ஒரு கதை உண்டு. வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு, அனந்தபுரம் பக்கத்திலிருந்து அஞ்சம்மாள் என்றொரு பெண் ஆறு மூட்டை கொண்டுவந்தாள். ஒரு மூட்டைக்கு வெனிலா நாற்பத்தொன்று என்று எழுதி, அடித்து, நாற்பத்தேழு என்று திருத்தினாள். மாலையில் வியாபாரி வந்து, அடித்தல் செல்லாது, யார் அடித்தது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று நின்றுவிட்டார். மூட்டை அதற்குள் லாரியில் ஏறிப் போயிருந்தது. மறுபடி நிறுக்க வழியில்லை. நாற்பத்தொன்றுதான் எடை என்று முடிவாயிற்று. அஞ்சம்மாள் வாசலில் நின்று வெனிலாவின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லித் திட்டினாள். மறுவாரம் வெனிலாவுக்கு மெமோ வந்தது. அப்போதைய கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளில் போட்டுக் காட்டினார். தப்பான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு. அடிபட்ட எண் படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியான எண். பக்கத்தில் சுருக்கொப்பம்.

அன்றிலிருந்து எண்ணை அடித்தால் கை தானாகப் போய்ச் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டுத்தான் திரும்பும். கொட்டாவி விட்டால் வாயை மூடுகிற மாதிரி. போட்டோமா என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது.

பெருமுக்கலுக்குப் பக்கத்து ஊர் அவளுக்கு. அப்பா செபஸ்தியானுக்குச் சொந்த நிலம் இல்லை. அடுத்தவர் மூட்டையைத்தான் இந்தக் கொட்டகைக்குச் சுமந்துவந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பதிந்துவிட்டுக் காத்திருந்த மகளுக்கு, இருபத்து நான்காம் வயதில் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக அதே கொட்டகையில் மேசை கிடைத்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. கணவன் ஸ்டீபன்ராஜ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். ஒரே மகள் ஜாக்குலின் பன்னிரண்டாம் வகுப்பு.

படிக்கிறேன் என்று வெனிலா முடிவெடுத்தது முப்பத்தைந்தாம் வயதில். எல்லாவற்றையும் முறையாகச் செய்தாள். அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து முன் அனுமதி வாங்கினாள். அதன் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள். தொலைதூரக் கல்வியில் சேர்ந்தாள். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் நேரடி வகுப்பு. சர்ச்சில் காலை முதல் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறுவாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்கிற நேரத்தில் ஒரு பக்கம் படிப்பாள். மற்ற நாள்களில் மதியச் சாப்பாட்டு நேரம் அரை மணி, லாட்டுக்கும் லாட்டுக்கும் நடுவில் ஐந்து ஐந்து நிமிடம். மூட்டை எழுதுகிற மாதிரியே படித்தாள். வருவதை வந்த வரிசையில் எடுத்துக்கொள்வது. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

தேர்வு விதி அவளுக்குத் தெரியாததல்ல. விடைத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. உள்ளே பெயர், கையொப்பம், சாமி பெயர், குறி எதுவும் கூடாது. பள்ளிக்கூட நாளிலிருந்து பக்கத்தின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு எழுதித்தான் அவளுக்குப் பழக்கம். அதைப் போட்டுவிடக் கூடாது என்று மூன்று ஆண்டும் ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் கையைப் பிடித்து வைத்தாள். சிலுவை ஒன்றுகூட விழவில்லை. கை வேறு பக்கமாகப் போய்விட்டது.

தபால் வந்த அன்று மாலை, கண்காணிப்பாளர் கோதண்டபாணியிடம் தாளைக் காட்டினாள். ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கிற மனிதர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இன்னாம்மா இது? இனிசியலா போட்ட?"

"போட்டிருக்கேன் போல சார்."

"போலன்னா?"

"நெனப்பில்ல சார். கணக்குல தப்பு வந்துது, அடிச்சேன். மேல சரியா எழுதுனேன். அது நெனப்புல கீது."

கோதண்டபாணி தாளை மேசைமேல் வைத்தார். அப்புறம் அதை நேராக நகர்த்தி வைத்தார்.

"வேற எவனாச்சும்னா சிரிச்சிருப்பேன்" என்றார். "நம்ம ரிஜிஸ்டரைக் காட்டுனா நம்புவாங்க. ஆனா ரிஜிஸ்டரை வெளிய எடுத்துக்கினு போவக் கூடாது. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கோ, நான் அட்டெஸ்ட் பண்றேன்."

எந்தப் பக்கம் என்று புரட்டினாள். ஏப்ரல் மாதம் வரத்து மிகுந்த ஒரு நாள் அகப்பட்டது. ஒரே பக்கத்தில் பதினோரு அடித்தல், பதினோரு செ.வெ. அதைப் படியெடுத்து அவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினாள்.

கொட்டகை கூட்டுகிற ஜெயம் துடைப்பத்தை ஊன்றி நின்றாள். "இன்னா பட்டதாரி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"தூசிக்கா."

"பதினாலு வருசமா இல்லாத தூசி இன்னிக்கு வந்துச்சாக்கும்."

வீட்டில் சாப்பிடும்போது சொன்னாள். ஜாக்குலின் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "யம்மா, எங்க ஸ்கூல்ல பிட் அடிச்சவளுங்ககூட இவ்ளோ பெரிய லெட்டர் வாங்குனதில்ல" என்றாள். ஸ்டீபன்ராஜ் மகள் தலையில் ஒரு தட்டு தட்டினான்.

"இன்னாடி பண்ணப் போற?" என்றான் வெனிலாவிடம்.

"போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

"அழுவறதுன்னா அழுதுடு. உள்ள வெச்சிக்கினு இருக்காத."

"அழுவ வரலீங்க. கொழம்பு ஊத்தட்டா?"

விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் மண்டல மையம். வெனிலா ஒன்பதரைக்கே போய்விட்டாள். நடையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவன் நன்றாகக் குளித்துத் திருநீறு பூசி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி இருந்தான்.

"அக்கா, நீங்க இன்னா? மைக்ரோ ஜெராக்ஸ் பிட்டா?"

"இல்லப்பா. கையெழுத்து."

"ஆள் மாறாட்டமா?"

"என் கையெழுத்துதான். என் பேப்பர்லயே போட்டுட்டேன்."

"அதுக்கெல்லாமா புடிக்கிறாங்க? அநியாயமா கீதே. நான் தொடையில ரெண்டு யூனிட்டு எழுதிக்கினு போனேங்க்கா. வேர்வையில ஊறிப் பேன்ட்டு மேல வந்துடிச்சி. நானாச்சும் நியாயமா மாட்டுனேன்."

வெனிலாவின் முறை பதினொன்றே காலுக்கு வந்தது. உள்ளே மூன்று பேர். நடுவில் ஒல்லியான பெரியவர், அவர்தான் தலைவர். வலப்பக்கம் ஒரு பேராசிரியை. இடப்பக்கம் கோப்பு வைத்துக்கொண்டு ஓர் அலுவலர். மேசைமேல் அவளுடைய விடைத்தாள் விரித்துக் கிடந்தது. ஐந்து இடத்தில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் செ.வெ. மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அதைப் பார்க்கிறாள். எடைப் பதிவேட்டிலிருந்து வெட்டி ஒட்டிய மாதிரி அதே சாய்வு, அதே புள்ளி.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. சுருக்கொப்பம்."

"திருத்துறவருக்கு அடையாளம் காட்டத்தான் இப்படி ஏதாவது போட்டு வைப்பாங்க. யாரைத் தெரியும் உங்களுக்கு?"

"எனக்கு யாரையும் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் மூட்ட தூக்குறவங்க."

அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். வெனிலா ஜெராக்ஸை நீட்டினாள். மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பேராசிரியை பதினொன்றையும் விரல் வைத்து எண்ணினார்.

"வேலையில பழக்கம்னு சொல்றீங்க. சரி. முதல் ரெண்டு வருஷமும் பரீட்சை எழுதியிருக்கீங்களே. அதுல ஒண்ணுல கூட இது இல்லையே? அந்தப் பேப்பரையும் எடுத்துப் பார்த்துட்டோம். அதுலயும் அடிச்சிருக்கீங்க."

நியாயமான கேள்வி. வெனிலா அதை யோசித்ததில்லை. இப்போது நின்றபடியே யோசித்தாள்.

"அதெல்லாம் எழுத்துங்க மேடம்" என்றாள். "எழுத்த அடிச்சா கை சும்மாதான் இருக்கும். எண்ண அடிச்சாத்தான் போவும். மூணு வருசத்துல எண்ணு வந்தது இந்த ஒரு பேப்பர்லதான்."

பேராசிரியை விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். திட்டவிலக்கம் கணக்கில் இரண்டு, கூட்டுச் சராசரியில் ஒன்று, குறியீட்டெண்ணில் இரண்டு. மற்றப் பக்கங்களில் எழுத்தை அடித்த இடங்கள் நான்கைந்து இருந்தன. அவற்றில் ஒன்றும் இல்லை.

தலைவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "இப்போ சொன்னதை அப்படியே வாக்குமூலமா எழுதிக் குடுங்க. பேரு, பதிவு எண், தேர்வு மையம் எல்லாம் இருக்கணும்."

அவள் உட்கார்ந்து எழுதினாள். மூன்று பேரும் அடுத்த ஆளின் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வரி. முடித்து, கடைசியில் முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பேராசிரியை வாங்கிப் படிக்க ஆரம்பித்தவர், இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார்.

"இது என்னம்மா?"

வெனிலா எட்டிப் பார்த்தாள். பதிவு எண்ணில் ஓர் இலக்கம் தவறி, அதன் மேல் ஒரே கோடு போட்டு, மேலே சரியான எண்ணை எழுதியிருந்தாள். பக்கத்தில் செ.வெ.

போட்டது அவளுக்குத் தெரியவில்லை.

பேராசிரியை தாளைத் தலைவரிடம் காட்டினார். தலைவர் அலுவலரிடம் காட்டினார். முதலில் சிரித்தது அலுவலர்தான். பிறகு மூன்று பேருமே சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. காலையிலிருந்து பொய்யே கேட்டவர்களின் சிரிப்பு. வெனிலா சிரிக்கவில்லை. அவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நம்பறோம்மா" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு பேருமே நம்பறோம். அதுல சந்தேகமே இல்ல."

"அப்போ ரிசல்ட்டு முப்பதாம் தேதிக்குள்ள வந்துடுங்களா?"

தலைவரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "நம்பினதாலதான் ரெண்டு வருஷத் தடை போடப் போறதில்ல. ஆனா பேப்பர் ரத்து. உள்ளே கையெழுத்து இருந்தா பேப்பர் ரத்துன்னு இருக்கு. ஏன் போட்டாங்கன்னு விதியில கேக்கல. டிசம்பர்ல திரும்ப எழுதுங்க."

"எனக்கு முப்பதாம் தேதிங்க. ஆபீஸ்ல புரமோஷன் பட்டியல்."

"அது எங்க கையில இல்லையேம்மா" என்றார் பேராசிரியை. அவர் தாளைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார்.

வெனிலா எழுந்தாள். "சரிங்க. அந்த ஜெராக்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க. ஆபீஸ் தாளு."

அலுவலர் கொடுத்தார். நடையில் திருநீறுக்காரன் கட்டை விரலை உயர்த்தி என்ன என்று கேட்டான். டிசம்பர் என்றாள். "சூப்பர்க்கா, பார்ட்டி வைங்க" என்றான் அவன். பழைய பஸ் நிலையம் வரை நடந்தாள். திண்டிவனம் வண்டியில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. கண் அசந்து விழித்தபோது அரசூர் என்று நினைத்தாள். அரசூர் விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம்; இது பேரணி, யாரோ இறங்கினார்கள். மதியம் வரைதான் விடுப்பு. இரண்டு மணிக்குக் கொட்டகையில் இருந்தாள்.

"இன்னாக்கா ஆச்சு?" என்றான் இனியவன்.

"டிசம்பர். மூட்டைய ஏத்து, ஜல்தி."

முப்பதாம் தேதி வந்தது, போனது. அன்று வரத்து குறைவு. மாலையில் பிரவீன்குமார் அவள் மேசைக்கு வந்து நின்றான். நல்ல பையன். வந்த முதல் மாதம் லாட்டுச் சீட்டு எழுத அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அவன் அம்மா வேணி வளவனூரில் தனியாக இருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"யக்கா, நான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா?"

"குடுத்தா?"

"பட்டியல் நிக்கும்ல. நீ டிசம்பர் எழுதி முடிச்சிட்டு..."

"நிக்காது தம்பி. வேற கூடத்துலேர்ந்து ஒருத்தன் வருவான். அவனுக்கு மறுபடியும் நான் எல்லாத்தையும் சொல்லித் தரணும். அது ஒரு பேஜாரு. நீயே உக்காரு."

"உனக்குக் கோவமே இல்லியாக்கா?"

வெனிலா பதிவேட்டை மூடினாள். கோபம் இருக்கிறதா என்று உண்மையிலேயே தேடிப் பார்த்தாள். மேசைமேல் வைத்த பேனாவைத் தேடுகிற மாதிரி. "தெரியல தம்பி" என்றாள்.

நவம்பர் முதல் தேதி அவன் மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தான். காலையில் வெனிலா வணக்கம் சார் என்றாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"யக்கா, சார்னு கூப்புடாத. கூச்சமா கீது."

"பழகிடும் சார்."

அன்று மாலை அவள் எழுதிய பக்கத்தின் அடியில் அவன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். கடைசி எழுத்துக்கு நீளமாக ஒரு வால் இழுத்தான். மை காய அவள் ஊதினாள். பழைய மேற்பார்வையாளருக்கும் அப்படித்தான் ஊதுவாள்.

நவம்பர் முடிவில் புயல் வந்தது. கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். பதிவேடுகளைப் பரண்மேல் ஏற்றிக் காப்பாற்றியது வெனிலாவும் ஜெயமும்தான். "உன் பரீட்சப் புக்கு எங்கடி?" என்று ஜெயம் கேட்டபோதுதான் வெனிலாவுக்கு அது நினைவு வந்தது. வீட்டில் பத்திரமாக இருந்தது. வீடு மேட்டில் இருந்தது.

டிசம்பர் கடைசி வாரம் விழுப்புரத்தில், மே மாதம் எழுதிய அதே கல்லூரி, அதே தாள். கிளம்பும்போது ஜாக்குலின் வாசலில் நின்று, "யம்மா, அரியர் கிளியர் பண்ணிட்டு வா. கை அடங்கி இருக்கணும்" என்றாள். ஸ்டீபன்ராஜ் வேனை ஓரங்கட்டி அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

இரண்டாவது கணக்கிலேயே தப்பு வந்தது. முப்பத்தாறு என்று எழுத வேண்டிய இடத்தில் அறுபத்து மூன்று. ஒரு கோடு போட்டாள். மேலே முப்பத்தாறு எழுதினாள். கை வலப்பக்கம் நகர்ந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அடுத்த வரிசையில் கண்காணித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வெனிலா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் அது யாரோ அடித்துவிட்டு ஓடிப்போன மாதிரி கிடந்தது. அஞ்சம்மாளின் நாற்பத்தேழு இப்படித்தான் கிடந்தது. பிறகு பேனாவை எடுத்தாள். மூன்று மணி நேரத்தில் ஏழு இடத்தில் அடித்தாள். ஏழு முறையும் பேனாவைக் கீழே வைத்து எடுத்தாள்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. தேர்ச்சி. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. ஸ்டீபன்ராஜ் கால் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தான். ஜெயம் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, "இனிமே இன்னா, உக்காந்துக்கினே மூட்ட எழுதுவியா?" என்றாள்.

"இப்பவும் உக்காந்துக்கினுதான எழுதுறேன்."

"அதான் கேக்குறேன், இன்னாத்துக்குடி படிச்ச?"

வெனிலா மைசூர்பாகு பெட்டியை இனியவனிடம் நீட்டினாள்.

தற்காலிகச் சான்றிதழ் கைக்கு வந்ததும், பணிப்பதிவேட்டில் ஏற்றச் சொல்லி எழுதிக்கொடுத்தாள். அடுத்த மேற்பார்வையாளர் இடம் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. பிரவீன்குமாருக்கு இன்னும் முப்பத்து நான்கு ஆண்டு பணி இருக்கிறது. வேறு ஊரில் வரலாம், வராமலும் போகலாம். எதற்கும் ஏறியிருக்கட்டும்.

கோதண்டபாணி ஒரு பகலில் அவளைக் கூப்பிட்டார். பீரோவிலிருந்து அவளுடைய பணிப்பதிவேட்டை எடுத்து விரித்தார். பழுப்பு அட்டை, உள்ளே அவளுடைய பதினான்கு ஆண்டு. சேர்ந்த தேதி, விடுப்புகள், அந்த மெமோ, படிக்க முன் அனுமதி. அதற்கு அடுத்த வரியில் அவர் பேனாவை வைத்தார்.

"உக்காரும்மா. நின்னுக்கினே இருக்க."

"பரவால்ல சார்."

அவர் வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். "செ. வெனிலா... பி.ஏ. பொருளியல்... தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு... மே இரண்டாயிரத்து இருபத்து நான்கு..."

நிறுத்தினார். சான்றிதழைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி பார்த்தார்.

"அட, டிசம்பர்ல. மேன்னே மண்டையில பதிஞ்சி போச்சி பாரு" என்றார். "அந்த மாசத்துல முடிஞ்சிருந்தா..."

மே என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். மேலே டிசம்பர் என்று எழுதினார். அடியில் முழுக் கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் ஒற்றினார். வெளியே இனியவன் குரல் கேட்டது. மூட்டை தராசில் ஏறிவிட்டது, ஆளைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தான்.

வெனிலா கதவு வரை போனவள் திரும்பினாள். மேசைக்கு வந்து, அடிபட்ட மே மாதத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"சார், இங்க ஒரு இனிசியல் போட்டுடுங்க. இல்லன்னா செல்லாது."